மிஸ்ஸியும் பதிவு இலக்கமும்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் கல்முனை பிரதான வீதியால் பஸ்ஸில் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒரே வகையான சுவரொட்டிகள். வெள்ளைச் சீருடை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், சிரித்த முகம். கீழே பெரிய எழுத்தில் தாதியர் பயிற்சி என்றும், அதற்கும் கீழே வெளிநாட்டு வேலைவாய்ப்பு என்றும் இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று கால அளவு மட்டும் இடத்துக்கு இடம் மாறும். சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ பாண்டிருப்பிலோ நற்பிட்டிமுனையிலோ இருக்கும் ஒரு தாய், மகளுக்கு மருத்துவ பீடம் கிடைக்கவில்லை என்ற கவலையில் அந்த இலக்கத்துக்கு அழைப்பெடுக்கிறார். கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாம் என்கிறார்கள். காப்பு அடகுக் கடைக்குப் போகிறது.

இந்தச் சுவரொட்டிகளில் பெரும்பாலும் காணாத சொல் ஒன்று உண்டு: பதிவு. நமது ஊர்களில் வெள்ளை உடுப்போடு ஊசி போடுகிற எல்லாரும் மிஸ்ஸிதான். ஆதார வைத்தியசாலை வார்ட்டில் இருபது வருடம் வேலை செய்தவரும் மிஸ்ஸி. தனியார் கிளினிக்கில் போன மாதம் சேர்ந்து இரத்த அழுத்தம் பார்க்கிற பிள்ளையும் மிஸ்ஸி. நோயாளிக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. வேலை தேடிப் போகும்போதுதான் அது தெரியவருகிறது. ஒருவரிடம் பதிவு இலக்கம் இருக்கும். மற்றவரிடம் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் இருக்கும். அந்தச் சான்றிதழை அரசாங்க வைத்தியசாலையும் ஏற்காது, ரியாத்திலோ இலண்டனிலோ உள்ள வைத்தியசாலையும் தாதியாக ஏற்காது.

பதிவு என்றால் என்ன?

இலங்கையில் முறையான தாதியர் பாடசாலை 1939 இல் கொழும்பில் தொடங்கியது. தாதியரின் பதிவு முதலில் 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருத்துவ சபையிடம் இருந்தது. தாதியருக்கெனத் தனியான அமைப்பு வேண்டும் என்று 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டு, இலங்கைத் தாதியர் பேரவை உருவாக வழி செய்யப்பட்டது. சட்டம் வந்த பின்பும் அது முழுமையாக இயங்கத் தொடங்கப் பல வருடங்கள் போயின; நமது நாட்டில் சட்டப் புத்தகத்துக்கும் அலுவலக மேசைக்கும் இடையே உள்ள தூரம் எல்லாருக்கும் தெரிந்ததே. இப்போது தாதியராகத் தொழில் செய்பவர் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போக விரும்பும் தாதியிடம் அந்நாட்டு அதிகாரசபை முதலில் கேட்பதும், இவர் சொந்த நாட்டில் பதிவுள்ளவர், இவர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை இல்லை என்ற உறுதிக் கடிதத்தைத்தான்.

அந்தப் பதிவுக்குப் போகும் வழிகள் அதிகமில்லை. பழகிய பாதை சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிப் பாடசாலைகளில் மூன்று வருட டிப்ளோமா. நமக்கு அண்மையில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இவை உள்ளன. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் ஒரே அமர்வில் மூன்று பாடங்களும் சித்தியடைந்திருக்க வேண்டும். சாதாரண தரத்தில் மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றுக்குத் திறமைச் சித்தி கேட்பார்கள். வயதெல்லை, உடல் தகுதி போன்றவை வர்த்தமானி அறிவித்தலில் விபரமாக வரும். அறிவித்தலுக்கு அறிவித்தல் சில நிபந்தனைகள் மாறுவதால் அக்கா சொன்னது, மச்சாள் சொன்னது என்று நம்பாமல் அந்த வருடத்து அறிவித்தலையே வாசிக்க வேண்டும். ஆண்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர்களுக்கான இடங்கள் மிகச் சொற்பம்.

இரண்டாவது வழி பல்கலைக்கழகப் பட்டம். உயிரியல் பிரிவு மாணவர்கள் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டின்படி இஸட் புள்ளி அடிப்படையில் தெரிவாகி நான்கு வருடம் படிக்கும் தாதியர் விஞ்ஞானமாணிப் பட்டம் இது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் இதை நடத்துகிறது. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு பல்கலைக்கழகங்களிலும் உண்டு. மருத்துவ பீடத்துக்குச் சில புள்ளிகளில் தவறிய பிள்ளைகள் பலர் விண்ணப்பப் படிவத்தில் தாதியர் பட்டத்தைக் கடைசித் தெரிவாகப் போடுகிறார்கள், அல்லது போடாமலே விடுகிறார்கள். வெளிநாடுகள் பல பட்டத்தையே விரும்புகிற இந்தக் காலத்தில் அது ஒரு தவறான கணக்கு என்பது என் எண்ணம். டிப்ளோமாவோடு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் பட்டம் மூடிய கதவு இல்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 இல் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. சேவையில் இருந்துகொண்டே படித்து முன்னேறிய தாதியர் பலர் அந்த வழியால் வந்தவர்களே.

தனியார் உயர்கல்வி நிறுவனங்களின் பட்டங்கள் மூன்றாவது வழி. இங்கே பொதுவாக ஒன்றையும் சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ உயர்கல்வி அமைச்சோ அங்கீகரித்த பட்டமா, அதை முடித்தவருக்குத் தாதியர் பேரவை பதிவு தருகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதலாவதற்கு ஆம் என்பதால் இரண்டாவதற்கும் ஆம் என்று ஆகிவிடாது. இலட்சக்கணக்கில் கட்டணம் போகிற விடயம். நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் கிடைக்கும் பதிலை விட, பேரவையிடம் எழுத்தில் கேட்டு வாங்கும் பதில் பெறுமதியானது.

இனி அந்தச் சுவரொட்டிகள். அவை எல்லாம் பொய் என்று சொல்வது நியாயமில்லை. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்ட, என்.வி.கியூ. தரச் சான்றிதழ் தருகிற நெறிகள் பல உண்டு. முதியோரைப் பராமரிக்க, நோயாளியைக் குளிப்பாட்ட, உணவூட்ட, தனியார் வைத்தியசாலையில் தாதிக்கு உதவியாக நிற்க அவை ஒருவரைத் தயார்படுத்துகின்றன. அது மரியாதையான வேலை, அதற்குச் சந்தையும் உண்டு. பிரச்சினை பெயரில்தான். பராமரிப்பு உதவியாளர் என்று சொல்ல வேண்டியதைத் தாதியர் என்று எழுதிவிட்டால், விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்த பிள்ளையும் வர்த்தமானிக்குக் காத்திருக்காமல் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறாள். ஒரு வருடம் கழித்து உண்மை தெரியவரும்போது வயதெல்லையில் ஒரு வருடம் கழிந்திருக்கும்.

காத்திருப்பதும் இலேசில்லை. பெறுபேறு வந்து, வர்த்தமானி வந்து, நேர்முகப் பரீட்சை முடிந்து வகுப்பறைக்குள் காலடி வைக்கச் சில வருடங்கள் இழுபட்ட தொகுதிகள் உண்டு. தனியார் நிறுவனங்களின் வியாபாரம் நடப்பதே இந்த இடைவெளியில்தான். ஆட்சேர்ப்பை அமைச்சு நேரகாலத்துக்குச் செய்தால் பாதிச் சுவரொட்டிகள் தாமாகவே காணாமற் போகும்.

இரண்டு வைத்தியசாலைகள், ஒரு மொழி

கல்முனைக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு விளங்காத ஒன்று, சிறிய நகரம் ஒன்றில் சில நிமிடப் பயணத் தூரத்தில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருப்பது. ஒன்று கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. மற்றது முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவரும், 2000 செப்டம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தவருமான எம்.எச்.எம். அஷ்ரப்பின் பெயரைத் தாங்கிய அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. தமிழர் பக்கம் ஒன்று, முஸ்லிம்கள் பக்கம் ஒன்று என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 1990 இன் கொலைகளுக்கும் காணாமற்போதல்களுக்கும் பிறகு, ஒரு சமூகத்து நோயாளி மற்றச் சமூகத்தின் தெருவால் இரவில் வைத்தியசாலைக்குப் போகப் பயந்த வருடங்கள் இருந்தன என்பதை அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. எந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து இரு பக்கத்தவரும் இரு இடத்துக்கும் போகிறார்கள். பிரதேச செயலகப் பிணக்கில் எதிரெதிரே நின்றவர்களின் தாய்மார் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பதும் நடக்கிறது. அரசியல்வாதிகளை விட முன்னதாகவே வார்ட்டுகள் சமாதானமாகிவிட்டன என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் இரண்டு வைத்தியசாலைகளுக்கும், நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆதார வைத்தியசாலைகளுக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. நோயாளிகள் ஏறக்குறைய அனைவரும் தமிழ் பேசுபவர்கள். தாதியர் எல்லோரும் அப்படியில்லை. நாடளாவிய சேவை என்பதால் முதல் நியமனத்தில் தென்பகுதிப் பிள்ளைகள் கிழக்குக்கு வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் பொறுப்பாக வேலை செய்கிறார்கள். நோவுதா, எங்கே, சாப்பிட்டீங்களா என்று பத்துச் சொல் தமிழ் பழகிக்கொள்கிறார்கள். அந்தப் பத்துச் சொல் போதாத இடங்கள் வரும். மாரடைப்பு வந்தவர் நெஞ்சு நோகுது என்று எப்போதும் சொல்வதில்லை. நெஞ்சு அடைக்குது, புறங்கை விறைக்குது, மனசு ஒருமாதிரிக் கிடக்குது என்பார். பிரசவத்துக்குப் பிறகு ஒரு தாய் தூக்கம் வருகுதில்லை, பிள்ளையைப் பார்க்கப் பயமாக இருக்குது என்று மெல்லச் சொல்வாள். அதைப் பிடித்து வைத்தியரிடம் கொண்டுபோவது இரவு முழுக்கப் பக்கத்தில் நிற்கிற தாதியின் வேலை. மொழி தெரியாவிட்டால் அந்தத் தகவல் அங்கேயே நின்றுவிடுகிறது. சில வருடங்களில் அந்தத் தாதிக்கு ஊர்ப்பக்கம் இடமாற்றம் கிடைக்கும். பழகிய தமிழும் அவரோடு போய்விடும்.

இதற்கு விடை, இந்தக் கரையிலிருந்து அதிகமான பிள்ளைகள் பயிற்சிப் பாடசாலைக்குள் போவதுதான். மஹ்மூத் மகளிர் கல்லூரியிலும் கார்மேல் பாத்திமாவிலும் உவெஸ்லியிலும் உயர்தர விஞ்ஞானம் படிக்கிற மாணவிகள் இருக்கிறார்கள். கிராமப்புறப் பாடசாலைகளில்தான் கதை வேறு: உயிரியலுக்கு ஆசிரியர் இருந்தால் இரசாயனவியலுக்கு இல்லை. அதனால் கெட்டிக்காரப் பிள்ளையும் கலைப் பிரிவுக்குப் போகிறாள். அங்கே போனபின் தாதியர் டிப்ளோமாவுக்கான கதவு அடைபட்டுவிடுகிறது. பதினொராம் ஆண்டிலேயே இந்தத் தொழில் பற்றிப் பேசவேண்டிய காரணம் இது.

பதிவில்லாதவர்களின் கதை

போர்க்காலத்தைத் தொடாமல் தாதியர் தொழிலைப் பற்றி நமது வாசகர்களுக்கு எழுத முடியாது. மே 12, புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள், உலகெங்கும் சர்வதேச தாதியர் தினம். 2009 இல் அதே மே 12 ஆம் திகதிதான் முள்ளிவாய்க்காலில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலை மீது எறிகணை விழுந்து ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். அதற்கு முன் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை அந்த வருடத் தொடக்கத்தில் மீண்டும் மீண்டும் தாக்குதலுக்குள்ளானது. இன்னும் பின்னால் போனால், 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் திகதிகளில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளோடு வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். இந்தச் சம்பவங்களில் வைத்தியர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. பின்னர் விசாரிக்கப்பட்டவர்களும் வாக்குமூலம் கொடுத்தவர்களும் அவர்களே. பந்தத்துணி முடிந்த பிறகு சீலையைக் கிழித்துக் கட்டுப்போட்ட பெண்களின் பெயர்கள் அநேகமாக எங்கும் இல்லை.

அவர்களில் பலர் அரசாங்கத்தின் கணக்கில் தாதியராகவே இருக்கவில்லை. தொண்டர்களாகவும், உள்ளூர்ப் பயிற்சி பெற்றவர்களாகவும், இயக்கத்தின் மருத்துவப் பிரிவில் கற்றவர்களாகவும் இருந்தார்கள். குண்டுச் சிதறலை எடுக்கவும், அவயவம் அகற்றப்பட்டவரைத் தேற்றவும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நரம்பு பிடித்துச் சேலைன் ஏற்றவும் அவர்களுக்குத் தெரியும். போர் முடிந்ததும் அந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாததால் பதிவு இல்லை, பதிவு இல்லாததால் வேலையும் இல்லை. வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் பல தடவை வீதியில் இருந்ததை வாசகர்கள் அறிவார்கள். பதிவு முறை நோயாளியைப் பாதுகாக்க உருவானது, அது அவசியம். ஆனாலும் இவ்வளவு அனுபவத்தை எந்தப் பாலமும் இல்லாமல் வீணாக விட்டது சரியென்று எனக்குப் படவில்லை. முன்கற்கையை மதிப்பிட்டு மீதியைக் கற்பிக்கிற வழி தொழிற்கல்வியில் உண்டு. தாதியர் துறையில் அதை யாரும் இவர்களுக்காகத் திறந்து விடவில்லை.

கிழக்குக் கரைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் பெரியநீலாவணையிலும் கடலோர வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. தங்கள் வீட்டுக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே வார்ட்டில் நின்ற ஊழியர்கள் இருந்தார்கள். பிறகு 2020 இல் கொவிட் வந்தது. ஜனாஸாக்களை எரிக்கும் விதி 2021 பெப்ரவரி இறுதிவரை நீடித்தது. உடலைத் தரமாட்டார்கள் என்று உறவினரிடம் சொல்லும் வேலை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. வார்ட்டில் நிற்பவரின் தலையிலேயே அது விழுந்தது.

வீட்டு வாசலில் உள்ள தடைகள்

முஸ்லிம் குடும்பங்களில் இந்தத் தொழில் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று விடயங்கள் வரும்: இரவுக் கடமை, உடை, கலியாணம். மூன்றும் உண்மையான கவலைகள். அவற்றைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட்டுப் போவதில் பயனில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் காலை 7 மணி முதல் 1 மணி வரை ஒரு கடமை, 1 மணி முதல் 7 மணி வரை மற்றொன்று, இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை மூன்றாவது. பன்னிரண்டு மணித்தியால இரவுக் கடமை, கைக்குழந்தை உள்ள எந்தச் சமூகத்துப் பெண்ணுக்கும் கஷ்டமானது. உம்மாவோ மாமியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாத வீட்டில் இந்தத் தொழில் நிலைப்பதில்லை. வீட்டில் ஆதரவு கேட்பதற்கு முன் வைத்தியசாலையில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டும்.

உடை விடயத்தில் தலையை மறைக்கும் பழக்கமுள்ள பெண், அரசாங்கச் சீருடையையும் தன் மார்க்கத்தையும் எப்படி ஒன்றாகக் கொண்டுபோவது என்ற கேள்வியோடுதான் வருகிறாள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பயமும் சேர்ந்துகொண்டது. பல நாடுகளின் வைத்தியசாலைகள் தொற்றுத் தடுப்பு விதிகளுக்கு அமைவாகத் தலைமறைப்பை அனுமதித்துள்ளன; முழங்கைக்குக் கீழே கை வெறுமையாக இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளோடு அது இசைந்தும் போகிறது. இங்கே தெளிவான, எழுத்திலான ஒரு ஏற்பாடு இருந்தால் விண்ணப்பிக்கத் தயங்கும் பலர் முன்வருவார்கள். மார்க்கத்தைக் காரணம் காட்டித் தொழிலையே மறுப்பவர்களுக்கு ருபைதா அல்-அஸ்லமிய்யா அவர்களை ஞாபகப்படுத்தலாம். அகழ் யுத்தத்தில் காயப்பட்ட சஃத் இப்னு முஆத் அவர்களுக்கு மதீனாப் பள்ளிவாசல் வளவில் கூடாரம் அடித்துச் சிகிச்சை அளித்தவர் அவர்.

கலியாணத்தைப் பொறுத்தவரை காற்று மாறிவிட்டது. முன்பு தாதியென்றால் யோசித்த மாப்பிள்ளை வீட்டார், 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள மருமகளைத் தேடுகிறார்கள். இதில் சந்தோசப்படுவதா என்று தெரியவில்லை.

இதே வீடுகளிலிருந்து பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போய் நாற்பது வருடமாகிறது. அங்கே வைத்தியசாலைக்குப் போனவர்கள் மலையாளத் தாதியரைக் கண்டிருப்பார்கள். ஒரே விமானத்தில் வந்து இறங்கிய இரண்டு பெண்களில் ஒருவருக்கு வார விடுமுறையும் ஒப்பந்தமும் உண்டு, மற்றவரின் கடவுச்சீட்டு எஜமானின் அலுமாரியில் இருக்கிறது. மூதூரிலிருந்து 2005 இல் சவூதிக்குப் போன ரிஸானா நபீக்கை மறந்திருக்க மாட்டோம். வயதைக் கூட்டிய கடவுச்சீட்டோடு அனுப்பப்பட்ட சிறுமி. பயிற்சி எதுவும் இல்லாத அவரிடம் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது, குழந்தை இறந்தது, 2013 ஜனவரி 9 இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பராமரிப்பு என்பது யாரும் செய்யக்கூடிய வேலை என்ற எண்ணத்துக்கு நமது மாகாணம் கொடுத்த விலை அது.

உள்ளூரிலும் வெளியிலும் வேலை

உள்ளூரில் வேலை கிடைக்குமா? சுகாதார அமைச்சின் டிப்ளோமாவை முடித்தவருக்கு இதுவரை கிடைத்து வந்திருக்கிறது. 2025 மே மாதத்தில் மட்டும் 3,000 இற்கும் மேற்பட்டோருக்கு ஒரே நாளில் நியமனக் கடிதம் வழங்கப்பட்டது. தாமதம் வரலாம், தூர மாகாணத்தில் முதல் நியமனம் கிடைக்கலாம். பட்டதாரிகளும் நியமனத்துக்காகக் காத்திருந்த காலங்கள் உண்டு. தனியார் வைத்தியசாலைகளில் பதிவுள்ள தாதிக்குத் தட்டுப்பாடே நிலவுகிறது.

சம்பளத்தில் அடிப்படைத் தொகையை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். தாதியரின் வருமானத்தில் மேலதிக நேரமும் விடுமுறை நாள் கொடுப்பனவும் பெரிய பங்கு. 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து கட்டம் கட்டமாக 40,000 ரூபாவாக உயர்த்தியது. அதே வேளை மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறை மாறுவதால் கையில் கிடைப்பது குறைகிறது என்று தாதியர் சங்கங்கள் அந்த மார்ச்சில் போராட்டத்தில் இறங்கின. நாட்டின் பெரிய தாதியர் சங்கமொன்றுக்குப் பல தசாப்தங்களாகத் தலைவராக இருப்பவர் ஒரு பௌத்த பிக்கு, முருத்தெட்டுவே ஆனந்த தேரர். அவர் தாதியராக வேலை செய்தவர் இல்லை. தமிழ் பேசும் தாதியரின் இடமாற்றப் பிரச்சினைகளோ மொழிப் பிரச்சினைகளோ அந்த மேடைகளில் அதிகம் ஒலிக்காததில் வியப்பில்லை.

2022 ஜூனில் அரச ஊழியர்கள் சேவைமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று 14/2022 ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. அதே வருட முடிவில் ஓய்வு பெறும் வயதும் 60 ஆக்கப்பட்டது. அனுபவமுள்ளவர்கள் இரண்டு பக்கத்தாலும் வெளியேறினார்கள். இரண்டு தாதியர் பார்க்க வேண்டிய வார்ட்டை ஒருவர் பார்க்கிறார் என்ற முறைப்பாடு இன்று எந்த வைத்தியசாலையிலும் கேட்கும்.

உலகம் தாதியரைத் தேடுகிறது என்பது உண்மை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2025 அறிக்கைப்படி 2023 இல் உலகில் 2 கோடி 98 இலட்சம் தாதியர் இருந்தார்கள். பற்றாக்குறை 58 இலட்சம். தாதியரில் ஏழு பேருக்கு ஒருவர் தாம் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார். ஆனால் ஒவ்வொரு நாட்டின் வாசலும் வேறு. வளைகுடாவில் சான்றிதழ்களை மூல நிறுவனத்திடமே சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நடைமுறையும், புரோமெட்ரிக் எனப்படும் கணினிப் பரீட்சையும் உண்டு. பதிவுக்குப் பின்னரான இரண்டு வருட வேலை அனுபவத்தைப் பெரும்பாலும் கேட்பார்கள். ஐக்கிய இராச்சியத்தில் கணினிப் பரீட்சை ஒன்று, அங்கே போய்ச் செய்யும் செய்முறைப் பரீட்சை ஒன்று, அதோடு ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சில் 7, எழுத்தில் 6.5. நமது பிள்ளைகள் பலர் இடறுவது தாதியியலில் இல்லை, இந்த ஆங்கிலத்தில்தான். ஜேர்மனியில் மொழியில் பி2 தரமும் தகைமைக்கு அங்கீகாரமும் வேண்டும். பதிவில்லாதவர்கள் மொழி படித்து அங்கேயே மூன்று வருடத் தொழிற்பயிற்சியில் சேரும் வழியும் உண்டு. கனடாவில் தகைமை மதிப்பீட்டுக்குப் பின் என்கிளெக்ஸ் பரீட்சை. அங்குள்ள உறவினர் ஸ்பொன்சர் செய்தாலும் இந்தப் படிகளைத் தாண்ட முடியாது.

பெயர்க் குழப்பம் இங்கேயும் வரும். ஜப்பானின் நர்சிங் கெயார் விசா என்று விளம்பரம் செய்யப்படுவது, 2019 இல் இலங்கையும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின் கீழான முதியோர் பராமரிப்பு வேலை. தாதிப் பதவி இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்களை எடுப்பது 2025 ஜூலை 22 உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. பதிவுள்ள தாதிக்கான விசா தொடர்கிறது. அந்தத் திகதிக்குப் பிறகும் இலண்டன் கெயார் விசா என்று முற்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம். முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம்.

கடைசியாக ஒரு சின்ன விடயம், ஆனால் பலரை மாதக்கணக்கில் அலைய வைத்தது. நமது பெயர்கள். பிறப்புச் சான்றிதழில் பாத்திமா, அடையாள அட்டையில் ஃபாத்திமா, உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயர் முன்னாலும் பின்னாலும். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஆங்கில எழுத்துக்கூட்டல் நான்கு பத்திரத்தில் நான்கு விதமாக இருந்தால் வெளிநாட்டுச் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். இடம்பெயர்விலும் சுனாமியிலும் மூலப் பத்திரங்களை இழந்து பிரதி எடுத்த குடும்பங்களில் இது இன்னும் அதிகம். உயர்தரத்துக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பும்போதே பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, அதிலுள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுவது நல்லது. திருத்தம் தேவையென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்கு இப்போதே போகலாம். வர்த்தமானி வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.